அருளா, லோ சுகரா? தைப்பூச நடைக்கு முன் ஒரு பேச்சு

கீழ்ப்பழனி மலைக்கு டாக்டராக வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வரும்போது இரண்டே வருஷம், அப்புறம் கீழே இறங்கிவிடுவோம் என்றுதான் கணக்கு. இங்கே தை பிறந்தால் காப்பிப் பழம் பறிப்பும் தைப்பூசமும் ஒன்றாக வந்து நிற்கும். முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தார், அதனால்தான் இது தாண்டிக்குடி என்று ஊர்ப்பெயருக்கே கதை வைத்திருக்கும் மக்களிடம், சர்க்கரை இருக்கிறது, நடக்காதே என்றால் எடுபடுமா? முதல் வருஷம் நான் அப்படித்தான் சொன்னேன்.

அப்படி நான் சொன்ன ஒரு ஐயாவுக்கு அறுபது தாண்டியிருந்தது. தோட்டத்து வேலை, பதினாறு வருஷச் சர்க்கரை. பாதத்தில் நைலான் இழையை வைத்து அழுத்திப் பார்த்தால் பாதி இடத்தில் உணர்வே இல்லை. வெறுங்காலில் போகக் கூடாது, விரதம் கூடாது, இந்த வயசில் எதற்கு இதெல்லாம் என்று படபடவென்று பேசி அனுப்பினேன். "சரிங்க தாயி" என்று தலையாட்டிவிட்டுப் போனவர், மாலை போட்டதையும் சொல்லவில்லை, கிளம்பியதையும் சொல்லவில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல், சர்க்கரையை இறக்கும் கிளிமிப்ரைடு மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு நடந்திருக்கிறார். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் ஏதோ பேச ஆரம்பிக்க, கூட வந்தவர்கள் அருள் வந்துவிட்டது என்று விபூதி பூசி, கும்பிட்டுக்கொண்டு சுற்றி நின்றிருக்கிறார்கள். பந்தலில் பானகம் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் அம்மாவுக்கும் சர்க்கரையாம். அவள்தான் இது லோ சுகர் என்று பார்த்தவுடன் புரிந்துகொண்டு இரண்டு டம்ளர் பானகத்தைக் குடிக்க வைத்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். ஆனால் தார் ரோட்டில் வந்த கொப்புளம் அவருக்கே தெரியாமல் புண்ணாகி, கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

கட்டுப் பிரிக்கும்போதுதான் முதல்முறையாக, எதற்காக நடக்கிறீர்கள் என்று கேட்டேன். "கடைசிப் பொண்ணு குறைப்பிரசவம் தாயி. பொழைச்சா வருஷா வருஷம் நடந்து வர்றேன்னு சொன்னேன். இப்ப அதுக்கே புள்ளை இருக்கு. தோட்டத்து வேலை சம்பளத்துக்கு, வீட்டு வேலை பிள்ளைகளுக்கு. இது ஒண்ணுதான் நானா ஏத்துக்கிட்டது."

எனக்குப் பக்தி குறைவு, அதை மறைக்கவில்லை. ஆனால் தினமும் வரிசையில் வருகிறவர்களுக்கு மாத்திரை எழுதிக்கொண்டிருந்த எனக்கு, நானாக ஏற்றுக்கொண்டது இது என்று சொல்ல அன்றைக்கு எதுவும் இல்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இப்போது மார்கழி பிறந்ததும் வருகிற சர்க்கரைக்காரர்கள் எல்லாரிடமும் முதல் கேள்வி, மாலை போட்டிருக்கிறீர்களா என்பதுதான். திட்ட மாட்டேன் என்று தெரிந்தால் உண்மையைச் சொல்கிறார்கள். கிளிமிப்ரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விரதத்துக்கு முன்பே டாக்டரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும், நீங்களாகக் குறைப்பதும் தப்பு, சாப்பிடாமல் போட்டுக்கொள்வதும் தப்பு. வழியில் யாராவது வியர்த்து நடுங்கி உளறினால், அவருக்குச் சர்க்கரை உண்டா என்று முதலில் கேளுங்கள். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிஷத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள். அருளாகவே இருந்தாலும் அந்த மூன்று ஸ்பூனால் ஒன்றும் கெட்டுவிடாது. நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பஞ்சாமிர்தம் போதாதா என்று கேட்கிறார்கள். நம் மலைவாழைப்பழத்தில் செய்வதுதான், 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது, ஆனால் அதில் நெய் இருக்கிறது, மெதுவாகத்தான் ஏறும்.

அப்புறம் கால். ராத்திரி தங்கும் இடத்தில் கண்ணாடி வைத்தோ அடுத்தவரை விட்டோ உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். வலிக்கவில்லை என்பதை நம்பாதீர்கள், மரத்துப்போன கால் வலியைச் சொல்லாது. நடைக்குப் போகாதவர்களுக்கும் இது பொருந்தும். இந்தக் குளிரில் அடுப்பு ஓரம் காலை நீட்டிக் குளிர் காய்ந்து, தோல் வெந்தது தெரியாமல் வருகிறவர்கள் ஒவ்வொரு மார்கழியிலும் உண்டு.

அந்த ஐயாவோடு நாங்கள் ஒரு பேரம் பேசினோம். ஆயக்குடி வரை பஸ், அங்கிருந்து எம்.சி.ஆர். என்கிற, சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்போடு நடை. செருப்போடு போனால் சாமி கோபிக்காதா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார். மலைக்கு விஞ்சில் போங்கள் என்றதற்கு மட்டும் மசியவில்லை. தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு, கல் சூடாகும் முன், விடியற்காலையில் 693 படியும் ஏறுகிறார்.

போன தை மாதம் திரும்பி வந்தவர் மேசை மேல் ஒரு பஞ்சாமிர்த டப்பாவை வைத்தார். வைத்துவிட்டு, "உங்களுக்குச் சக்கரை கிக்கரை இல்லையே தாயி?" என்றார். இல்லை என்று வாய் வரை வந்தது. நான் பார்த்தே மூன்று வருஷம் ஆகியிருந்தது. மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தேன், 114. நூறுக்குள் இருக்க வேண்டியது. டப்பாவில் முக்கால்வாசி எங்கள் நர்ஸ் அக்கா வீட்டுக்குப் போனது.