உருகிப்போகும் சாலைக்குத் தடம் உண்டா?

"குளிர்காலத்தில் பனியால் சாலை போடுகிறார்கள், கோடையில் அது உருகி ஓடிவிடுகிறது. அப்படியிருக்க அலாஸ்காவில் எண்ணெய் எடுத்தால் நிலத்துக்கு என்ன கெட்டுவிடும்?" வாசகர் ஒருவரின் கேள்வி. எண்ணெய் எடுப்பதை ஆதரிப்பவர்களின் வாதமும் இதுதான்.

அலாஸ்காவின் வடகிழக்கிலுள்ள ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடத்தின் கடலோரச் சமவெளியில் சுமார் 15 லட்சம் ஏக்கர், '1002 பகுதி' என்று 1980ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனியே வைக்கப்பட்டது. 2017இல் அதை எண்ணெய் எடுக்கத் திறந்துவிட்ட சட்டம், கட்டுமானங்கள் 2,000 ஏக்கரைத் தாண்டக்கூடாது என்றது. தூண்களின் மேல் போகும் குழாய்க்கு, தூண் ஊன்றிய இடம் மட்டுமே அந்தக் கணக்கில் வரும். சாமர்த்தியமான கணக்கு.

பனிச்சாலை போடுவது தனிக் கலை. 30 செ.மீ. ஆழத்தில் மண் மைனஸ் 5 டிகிரிக்கு இறங்கி, கடலோரத்தில் 15 செ.மீ. பனியும் விழுந்த பிறகுதான் வண்டிகளுக்கு அனுமதி. பனியை அழுத்திப் பரப்பி, ஏரியிலிருந்து செதுக்கிய பனிக்கட்டித் துகளைக் கொட்டி, மேலே தண்ணீரைப் படலம் படலமாகத் தெளித்து உறைய விடுவார்கள். குறைந்தது 15 செ.மீ. கனம் வேண்டும். அகலம் 10 மீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 15 லட்சம் லிட்டர் தண்ணீர் வருகிறது. ஆனால் புல்முடிச்சுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களை நிரப்பவே நிறையப் போய்விடும். நடைமுறையில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு? மரமில்லாத இந்தக் குளிர்நிலமான துந்திராவின் பாசியும் புல்லும் ஒரு கம்பளி. கோடை வெயில், அடியில் ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் உறைமண்ணை எட்டாமல் அதுதான் தடுக்கிறது. சக்கரம் ஏறி அது நசுங்கினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறி, வெப்பம் எளிதாகக் கீழே இறங்கும். உறைமண்ணுக்குள் ஆப்புப்போல் செருகியிருக்கும் பனிக்கட்டி உருகி, தரை அமுங்கும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். கறுத்த தண்ணீர் இன்னும் வெயிலை உறிஞ்சும், பள்ளம் இன்னும் ஆழமாகும். லாரி போய்ப் பல வருடம் கழித்தும் இது நிற்காமல் நடக்கும். குற்றவாளி இல்லாமலே தொடரும் குற்றம்!

தரையை அதிரவைத்து அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று தேடும் நில அதிர்வு ஆய்வு வண்டிகளோ பனிச்சாலையில் போவதே இல்லை. கட்டம் கட்டமாக வெறும் பனியின் மேல் ஓடுகின்றன. 1984, 1985 குளிர்காலங்களில் அவை போன தடங்களில் சில, கால் நூற்றாண்டுக்குப் பிறகும் தெரிந்தன. ஒரே தடத்தை இத்தனை வருடம் போய்ப் போய் அளந்தவர்களால்தான் இது நமக்குத் தெரிகிறது. மூன்று வருட ஆய்வுகளுக்கு மட்டும் பணம் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் பனிச்சாலையிலேயே செய்தால்? அங்கே தடையாக நிற்பது தண்ணீர்ப் பற்றாக்குறை. மேற்கிலுள்ள எண்ணெய் வயல்களில் இருப்பதுபோல் இங்கே ஏரிகள் அதிகம் இல்லை. குளிர்காலக் கடைசியில் உள்நாட்டு ஆறுகளில் 237 மைல் தூரம் அளந்தபோது, உறையாமல் கிடைத்தது சுமார் 90 லட்சம் கேலன், அதாவது ஏறக்குறைய 3.4 கோடி லிட்டர். அத்தனையையும் எடுத்தாலும் சுமார் 16 கிலோமீட்டர் சாலையைத்தான் போட்டுப் பராமரிக்கலாம். அந்த ஆழக் குட்டைகளில்தான் மீன்களும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. நீர் குறைந்தால் ஆக்ஸிஜனும் குறையும்.

மிஞ்சுவது கடல்நீரை உப்பு நீக்கிக் கொண்டுவருவது, அல்லது சரளைச் சாலை. உறைமண் உருகாமலிருக்க சரளையை ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் கொட்ட வேண்டும். அதைத் தோண்டி எடுக்க ஒரு குழி வேண்டும். கோடையில் வண்டி கிளப்பும் புழுதி இருபுறமும் படியும். வசந்தத்தில் அந்த ஓரங்களில்தான் பனி முதலில் உருகும்.