சிட்னியில் கிரிமினல் அப்பீல்: 28 நாளும் ஓர் எச்சரிக்கையும்

மேற்கு சிட்னியில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். "அப்பீலில் சாட்சிகளை மறுபடி முதலிலிருந்து விசாரிப்பாங்க, அப்போ பார்த்துக்கலாம்" என்ற நம்பிக்கையோடு நம்மவர்கள் பலர் வருகிறார்கள். நியூ சவுத் வேல்ஸில் அப்படி நடப்பதில்லை.

லோக்கல் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து மாவட்ட நீதிமன்றம் போகத் தண்டனை அறிவித்த நாளிலிருந்து 28 நாள். தவறவிட்டால் 3 மாதம் வரை அனுமதி கேட்டுப் பார்க்கலாம். அதற்கப்புறம் அதுவும் இல்லை. குற்றத்தீர்ப்பை எதிர்த்தால், நீதிபதி கீழ்க்கோர்ட்டில் பதிவான சாட்சியங்களைப் படித்துத் தானே ஒரு முடிவுக்கு வருவார். அங்கே கூப்பிடாத சாட்சியை இங்கே கொண்டுவர அனுமதி வேண்டும்; அது லேசில் கிடைக்காது. 'சீக்கிரம் முடிந்தால் சரி' என்று குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் தீர்ப்பை எதிர்க்கவே அனுமதி கேட்க வேண்டும்.

தண்டனையைக் குறைக்கக் கேட்பது இதைவிடச் சுலபம். புதிய ஆவணங்களும் தரலாம். ஆனால் கோயில் நிர்வாகியிடம் வாங்கிவரும் நற்சான்றுக் கடிதங்களைப் பார்த்தால் எனக்கு அலுப்புதான் வரும். "இவர் தங்கமான மனிதர்" என்று ஒரு பக்கம் இருக்கும். என்ன வழக்கு என்று ஒரு வரி இருக்காது. குற்றச்சாட்டு தெரிந்தே எழுதுகிறேன் என்று சொல்லாத கடிதத்துக்கு மதிப்புக் குறைவு.

பலருக்குத் தெரியாதது, தண்டனை கூடவும் செய்யலாம் என்பது. கூட்ட நினைக்கும் நீதிபதி அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 1992இல் வந்த தீர்ப்பு ஒன்றின் பெயரால் இதைப் 'பார்க்கர் எச்சரிக்கை' என்போம். நீதிபதி ஃபைலிலிருந்து தலைநிமிர்ந்து, கட்சிக்காரரிடம் பேச அவகாசம் வேண்டுமா என்று மெதுவாகக் கேட்பார். விஷயம் தெரியாதவருக்கு அது மரியாதைப் பேச்சாகத்தான் படும். நான் உடனே நேரம் கேட்டு வெளியே வந்துவிடுவேன். அந்த நிலையில் அப்பீலைத் திரும்பப் பெற அனுமதி கேட்கலாம். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே சார், பார்ப்போமே" என்பார்கள். பார்க்க வேண்டாம்.

ஜூரி விசாரித்த பெரிய வழக்குகளின் பாதை வேறு. அவை குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே தண்டனை கொஞ்சம் அதிகம் என்று சொன்னால் போதாது. நீதிபதி தவறிய இடத்தைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் தண்டனை வெளிப்படையாகவே அளவு மீறியது என்றாவது காட்ட வேண்டும்.

விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்று உள்ளே இருப்பவரின் விசாவைக் குடிவரவுச் சட்டத்தின் 501ஆம் பிரிவு கட்டாயம் ரத்து செய்யச் சொல்கிறது. ரத்தை நீக்கக் கேட்கவும் 28 நாள்தான். அது நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து ஓடும். அப்பீல் போட்டிருக்கிறோம் என்று அந்த நோட்டீஸை ஓரமாக வைத்துவிடாதீர்கள். இரண்டும் தனித்தனி விண்ணப்பங்கள், தனித்தனி கெடு. ஆங்கிலம் சிரமம் என்றால் 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, நோட்டீஸ் வந்த அன்றே வழக்கறிஞரிடம் பேசுங்கள்.