வகைப்படுத்தல் அன்று, வரிசைப்படுத்தல்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் தமிழ்மொழி மூலம் நிரலாக்கம் கற்கும் மாணவர்களின் பயிற்சிக் குறிப்புகளில் 'சோர்ட்' (sort) என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு 'வகைப்படுத்தல்' என்று எழுதியிருப்பதை அடிக்கடி காண்கிறேன். அண்மையில் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி பற்றிய ஒரு குறிப்பில் 'அணியை வகைப்படுத்த ஒப்பீட்டாளரை வழங்கவும்' என்ற வாக்கியத்தைப் படித்தபின், இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. அந்த வாக்கியத்தின் கலைச்சொற்களில், மதிப்புகளின் அடுக்கைக் (array) குறிக்கும் 'அணி' ஒன்றே சரி. தமிழ்நாட்டுக் கணிதத்தில் அச்சொல் 'மேட்ரிக்ஸ்' (matrix) என்பதைக் குறிக்கும். இலங்கையில் அந்தச் சிக்கல் இல்லை, இங்கே மேட்ரிக்ஸைத் தாயம் என்கிறோம். எஞ்சிய இரண்டு சொற்களும் மாணவனைத் தவறான வழியில் இட்டுச் செல்கின்றன.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் சீட்டு, பங்கு என்னும் பொருள் தரும் 'சோர்ஸ்'. பழைய பிரெஞ்சு வழியாக வந்தபோது அது 'இனம், வகை' என்ற பொருளைப் பெற்றது. அகராதியைப் புரட்டிய மொழிபெயர்ப்பாளருக்கு 'வகை' அகப்பட்டது இதனால்தான். ஆனால் கணினித் துறையில் அச்சொல் ஏறுமுகமாகவோ இறங்குமுகமாகவோ ஒழுங்குபடுத்துவதையே குறிக்கிறது. அகராதிப் பொருளுக்கும் நிரலாளர் வழக்குக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டைக் கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத், வரிசைப்படுத்தலையும் தேடலையும் பற்றி 1973 இல் வெளியிட்ட தொகுதியின் தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டியிருக்கிறார். ஆங்கிலத்தவரே விளக்கம் சொல்லிப் பயன்படுத்தும் ஒரு சொல்லின் பழைய பொருளை நாம் எடுத்துத் தமிழில் ஒட்டவைக்க வேண்டிய தேவை என்ன?

தமிழில் இரண்டு சொற்களும் தெளிவாகவே பிரிந்து நிற்கின்றன. 'வகு' என்பதிலிருந்து வகை, வகுப்பு, வகுத்தல் ஆகியன பிறந்தன, எல்லாவற்றிலும் பிரித்தலே உண்டு. 'வரிசை', கோடு என்னும் பொருளுடைய 'வரி'யோடு உறவுடையது, அதில் தொடர்ச்சியும் முன்பின்னும் உண்டு. புறநானூற்றின் 121 ஆம் பாடலில் கபிலர் மலையமான் திருமுடிக்காரியிடம் 'வரிசை அறிதலோ அரிதே' என்கிறார். கொடுப்பது எளிது, வந்தவருள் யார் எந்தத் தகுதியினர் என்று அறிவதே கடினம் என்பது அதன் பொருள். ஒருவரை மற்றவரோடு வைத்து முன்பின் காண்பதை 'வரிசை' என்று அன்றே சொல்லியிருக்கும் மொழிக்கு இவ்விடத்தில் புதுச்சொல் எதுவும் வேண்டியதில்லை.

வகைப்படுத்தல் எதுவென்று மலையகத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் காய்ந்த தூள் சல்லடைகளில் ஏறி பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று தனித்தனிக் குவியல்களாக விழுகிறதே, அதுதான் வகைப்படுத்தல். அங்கே ஒரு துணுக்கு இன்னொரு துணுக்கோடு ஒப்பிடப்படுவதில்லை. ஒவ்வொன்றும் தனியாகச் சல்லடைக் கண்ணைச் சந்திக்கிறது, அதன் வழியே விழுகிறது அல்லது மேலே நிற்கிறது. குவியலுக்குள் எது முந்தியது, எது பிந்தியது என்று எவரும் கேட்பதில்லை.

இந்த வேறுபாடு சொல்லோடு நின்றுவிடுவதில்லை, நிரலுக்குள்ளும் இறங்குகிறது. 'வகைப்படுத்தல்' என்று கற்ற மாணவன், இரண்டு உறுப்புகளை வாங்கி ஒப்பிட்டு விடை தரும் நிரல் துண்டை, அதாவது சார்பை (function), எழுதும்போது 'முதலாவது பெரிதா?' என்று கேட்டு உண்மை அல்லது பொய் என்று விடை அனுப்புகிறான். சல்லடைக்கு அந்த இரண்டு விடைகள் போதும். வரிசைக்கு மூன்று வேண்டும்: முதலாவது முன்னே வரவேண்டுமென்றால் எதிர்ம எண், பின்னே வரவேண்டுமென்றால் நேர் எண், இரண்டும் சமமென்றால் பூச்சியம். ஜாவாஸ்கிரிப்ட் உண்மையை 1 ஆகவும் பொய்யை 0 ஆகவும் எடுத்துக்கொள்வதால், 'இது முன்னே வரவேண்டும்' என்ற விடை அந்தச் சார்பிலிருந்து வெளிவருவதே இல்லை. குரோம் உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் வி8 பொறி முன்பு 10 உறுப்புகள் வரையான அணிகளை, 'பின்னே வரவேண்டும்' என்ற விடையை மட்டுமே பார்க்கும் செருகல் முறையில் வரிசைப்படுத்தியதால், வகுப்பில் காட்டும் சிறிய எடுத்துக்காட்டுகளில் இந்தப் பிழை வெளியே தெரியாமல் மறைந்திருந்தது. 2018 இல் அப்பொறி, 'முன்னே வரவேண்டும்' என்ற விடையை எதிர்பார்க்கும் டிம்சோர்ட் முறைக்கு மாறியதும், அதே நிரல் சிறிய அணியைக்கூட இருந்தபடியே விட்டுவைத்தது. எண்களென்றால் முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து அனுப்பினால் மூன்று விடைகளும் தாமாகவே கிடைக்கும். 'வரிசை' என்று கற்றவனுக்கு இது இயல்பாகத் தோன்றும், 'வகை' என்று கற்றவனுக்கு ஏன் கழிக்கிறோம் என்பதே விளங்காது.

இன்னொரு காரணமும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டின் வரையறையான எக்மாஸ்கிரிப்டின் 2024 பதிப்பில் 'குரூப்பை' (groupBy) என்னும் வசதி சேர்ந்திருக்கிறது. உறுப்புகளை ஒரு பண்பின்படி குழுக்களாகப் பிரித்துத் தருவது அதன் வேலை. உண்மையான வகைப்படுத்தல் அதுவே. சோர்ட்டுக்கு அச்சொல்லைக் கொடுத்துவிட்டவர்கள் இதற்கு என்ன பெயர் வைக்கப்போகிறார்கள்? ஒரு சொல்லைத் தவறான இடத்தில் இருத்தினால், அதற்குரிய இடம் வெறுமையாகி, அங்கே இன்னொரு தவறான சொல் வந்து அமர்கிறது.

சிலர் 'தரப்படுத்தல்' என்றும் எழுதுகிறார்கள். விளையாட்டுச் செய்திகளில் அச்சொல் பழகியிருக்கலாம். ஆனால் இலங்கைத் தமிழருக்கு அது தமிழ் மாணவரைப் பாதித்த 1970களின் பல்கலைக்கழக அனுமதிக் கொள்கையின் பெயர். அந்தச் சுமையை விட்டுப் பார்த்தாலும், பெயர்களை அகரவரிசையில் அடுக்கும்போது அங்கே தரம் எங்கிருந்து வருகிறது?

ஒப்பிடும் சார்புக்கு (comparator) வைத்த 'ஒப்பீட்டாளர்' என்னும் பெயர் இதைவிட மோசம். தொழிலாளர், எழுத்தாளர் என்று மனிதருக்கு வரும் விகுதியை ஒரு சார்பின்மேல் ஏற்றியிருக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லின் ஈற்றைக் கண்டதும் இயந்திர மொழிபெயர்ப்பு இப்படிச் செய்வதை மன்னிக்கலாம், அதனைத் திருத்தாமல் அச்சிடும் ஆசிரியரை மன்னிக்க இயலாது. நம் கணிதப் பாடநூல்களிலிருந்து மாணவருக்குப் பழக்கமான 'சார்பு' இருக்கிறது. 'ஒப்பீட்டுச் சார்பு' என்றால் போதும், அது என்ன செய்கிறது என்பது பெயரிலேயே தெரியும்.

அந்தச் சார்பைத் தராவிட்டால் நேர்வதையும் குறிப்புகள் தெளிவாகச் சொல்வதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் அப்போது உறுப்புகளை எழுத்துச் சரங்களாக மாற்றி, எழுத்தெழுத்தாக, யுனிகோட் குறியெண் ஒழுங்கில் ஒப்பிடுகிறது. நால்வர் பறித்த கொழுந்தின் கிலோ 22, 9, 18, 7 என்று இருந்தால், வரும் விடை 18, 22, 7, 9. அதனைத் தலைகீழாக்கி அதிகம் பறித்தவரை மேலே காட்ட முயன்றால், 9 கிலோ பறித்தவர் முதலிடத்தில் நிற்பார், 22 கிலோக்காரர் மூன்றாவதாக நிற்பார். தோட்டத் தொழிலாளரின் வேலைப் பதிவேடான செக்ரோலைப் பார்த்துப் பழகிய எந்தக் கணக்கப்பிள்ளையும் அப்பட்டியலைத் தொடமாட்டார். மாணவர்களோ கணினி சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள்.

தமிழ்ச் சொற்களுக்கும் இதே கதிதான். மாத்தளை, மாத்தறை ஆகிய இரண்டு ஊர்ப்பெயர்களையும் ஒப்பீட்டுச் சார்பு இல்லாத வெறும் சோர்ட்டிடம் கொடுத்தால் மாத்தறை முன்னே வருகிறது. நம் நெடுங்கணக்கில் 'ல, வ, ழ, ள, ற, ன' என்பதே முறை, யுனிகோட் அட்டவணையிலோ 'ற' ரகரத்தை அடுத்தும், 'ன' நகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டிருக்கின்றன. புள்ளியும் அங்கே உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதால் மடுல்சீமை மட்டக்களப்பை முந்திவிடுகிறது. நம் அகராதி முறைப்படி 'ட்' முதலில் வரவேண்டும், 'டு' பின்னரே. இதற்கும் மருந்து ஒப்பீட்டுச் சார்பில்தான் உள்ளது: அதற்குள், சொற்களை மொழிக்குரிய முறையில் ஒப்பிடும் 'லொகேல்கொம்பெயார்' (localeCompare) என்பதை அழைத்து, தமிழுக்குரிய மொழிக்குறியையும் கொடுத்தால் மாத்தளை முன்னே வரும், மட்டக்களப்பு தன் இடத்துக்குத் திரும்பும். எண்களுக்குச் செய்ததுபோலக் கழித்துவிட முடியாது. சொற்களைக் கழித்தால் எண்ணல்லாத மதிப்பே கிடைக்கும், அதனைச் சோர்ட் பூச்சியமாக எடுத்துக்கொண்டு பட்டியலை அப்படியே விட்டுவிடும்.

தமிழ் இடைமுகம் என்று சொல்லித் தயாரிக்கப்படும் பெயர்ப் பட்டியல்கள் பலவற்றில் இந்தக் குறியெண் ஒழுங்கே இன்னும் நிற்கிறது. அவற்றைத் தயாரிப்பவர்கள் பொத்தானில் என்ன எழுதுவது என்று பார்க்கிறார்கள், பொத்தானை அழுத்தினால் ழகரமும் றகரமும் எங்கே போகின்றன என்று பார்ப்பதில்லை. பொத்தானில் 'வரிசைப்படுத்து' என்று எழுதுகிறவர், அழுத்தியதும் மாத்தளை மாத்தறைக்கு முன்னால் வருகிறதா என்பதையும் பார்த்தே வெளியிட வேண்டும்.