கயிறு கட்டும் முன் அடியில் பாருங்கள்

அமெச்சூர் ராலியில் ஒரு பழைய கார் சேற்றில் உட்கார்ந்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். நாலு பேர் ஓடி வருவார்கள். ஒருவர் கையில் கயிறு இருக்கும். பம்பருக்கு அடியில் கண்ணில் படும் முதல் வளையத்தில் அதை மாட்டுவார். முன்னால் நிற்கும் ஜீப் ஒரு உறுமலோடு கிளம்பும். இப்படிச் சிக்கிய வண்டிகளை மீட்பதுதான் என் தொழில். அந்த உறுமல் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

சில வருடங்களுக்கு முன், முப்பது வயதைத் தாண்டிய ஒரு காரை நானே அப்படித்தான் இழுத்தேன். கொக்கிக்குப் புதிதாகச் சிவப்பு பெயிண்ட் அடித்திருந்தார்கள். பளிச்சென்று இருந்ததால் நம்பி மாட்டிவிட்டேன். இரண்டாவது இழுப்பில் கொக்கியோடு கையகலத் தகரமும் பிய்ந்து பறந்தது. முன்னால் இழுத்துக்கொண்டிருந்த வண்டியின் பின் கண்ணாடியை உடைத்து உள்ளே போய், ஓட்டுநரின் ஹெட்ரெஸ்டில் மோதி விழுந்தது. ஹெட்ரெஸ்ட் இல்லாத சீட்டாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன். கயிறு அறுபடவில்லை. அது புதுக் கயிறு. விட்டுப்போனது கார்தான்.

பழைய வண்டிகளில் துரு உள்ளிருந்து வரும். சேசிஸ் சட்டத்தின் உட்புறம் தண்ணீர் தேங்கி அரித்திருக்கும். வெளியே பெயிண்ட் அப்படியே இருக்கும். அதனால் இப்போதெல்லாம் படுத்துப் பார்க்காமல் நான் எதையும் மாட்டுவதில்லை. கொக்கி வெல்டிங் செய்யப்பட்ட இடத்தைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்துவேன். உள்ளே இறங்கினாலோ, செதில் செதிலாக உதிர்ந்தாலோ அந்த இடம் வேண்டாம். அடியில் தெரியும் எல்லா வளையமும் இழுப்பதற்கானவை அல்ல. வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டி வைப்பதற்கென்றே மெல்லிய வளையங்கள் உண்டு. சேற்றிலிருந்து இழுக்கும் விசையை அவை தாங்காது. டிரெய்லர் மாட்டும் உருண்டையும் அப்படித்தான். அது முறிந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். அதனால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பம்பர், ஸ்டியரிங் ராடு, சஸ்பென்ஷன் கை பக்கமே போகக் கூடாது.

சரி, எவ்வளவு விசை தேவைப்படும்? மீட்பு வேலையில் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறோம். சக்கரத்தின் நடு வரை புதைந்திருந்தால் வண்டியின் எடை அளவுக்கு, மட்கார்டு வரை போயிருந்தால் அதைப்போல் இரு மடங்கு. ஒரு டன் காருக்கு இரண்டு டன் இழுவை. துருப்பிடித்த கொக்கியிடம் அதைக் கேட்பது நியாயமே இல்லை. பத்து நிமிடம் மண்வெட்டி எடுத்தால் இந்தக் கணக்கு அடியோடு மாறும். சக்கரங்களுக்கு முன்னால் சரிவாக வெட்டி, வயிற்றுக்கு அடியில் அடைத்திருக்கும் சேற்றை வழித்து, வண்டி வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

வெடுக்கென்று இழுக்க வேண்டாம். வேகம் இரண்டு மடங்கானால் அந்த அடியின் ஆற்றல் நான்கு மடங்காகும். சங்கிலியும் இரும்புக் கம்பிக் கயிறும் அநேகமாக நீளாது என்பதால் அடி முழுவதும் கொக்கியில் இறங்கும். நன்றாக நீளும் நைலான் கயிறு அந்த அடியைத் தணிக்கும், ஆனால் அறுந்தால் சேர்த்து வைத்த ஆற்றலோடு திரும்பி வரும். பழைய காருக்கு என் தேர்வு வின்ச்தான், அதாவது கயிற்றை உருளையில் மெதுவாகச் சுற்றி இழுக்கும் கருவி. அது இல்லையென்றால், கயிற்றைத் தொய்வில்லாமல் பிடித்து, நடக்கும் வேகத்துக்கும் குறைவாக நேர்கோட்டில் இழுக்க வேண்டும். இரண்டு நல்ல இடங்கள் கிடைத்தால் சுமையைப் பிரித்துக் கட்டலாம். அப்போது இரு கயிறுகளுக்கும் இடையிலான கோணம் குறுகலாக இருக்கட்டும். 120 டிகிரி விரிந்தால் ஒவ்வொரு பக்கமும் முழுச் சுமையையே தாங்கும். பிரித்ததில் பயனே இல்லை.

கயிற்றின் நடுவில் ஈரக் கம்பளியோ கனமான பையோ போடுங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்று நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். கயிற்றின் நேர் பாதையில் ஒருவரும் கூடாது.

இத்தனைக்கும் முன்னால் ஸ்டேஜ், அதாவது கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேரம் கணக்கிட்டு ஓடும் அந்தச் சாலைப் பகுதி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த கார் வரும் பக்கத்தில், சிக்கிய காருக்குக் குறைந்தது 50 மீட்டர் முன்னதாகவே சிவப்பு முக்கோணத்தை வைத்து, யாருக்கும் அடிபடவில்லை என்று சொல்லும் ஓகே பலகையை அடுத்து வருபவருக்குக் காட்டி, மார்ஷல் (பாதையைக் கண்காணிக்கும் அலுவலர்) சொல்லும் வரை காத்திருங்கள். பின்னால் இன்னொரு கார் முழு வேகத்தில் வரும் சாலையில் கயிறு கட்டிக் குனிந்து நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

சிக்கிய காரில் இருப்பவர் சாவியை எடுக்கக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். என்ஜின் ஓடாவிட்டால் பிரேக் பூஸ்டர் ஒன்றிரண்டு மிதிக்கு மேல் உதவாது, அப்புறம் கல்லை மிதிப்பது போலத்தான் இருக்கும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் வெளியே வந்ததும் என்ஜின் சுழற்றும் சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். என்ஜின் நின்றால் கியர்பாக்ஸில் ஆயில் சுழலாது.

வெளியே வந்தவுடன் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், ஆயில் சம்ப் மூன்றையும் பாருங்கள். சைலன்சரில் காய்ந்த புல் சுற்றியிருந்தால், சூடு ஆறிய பிறகு எடுத்துவிடுங்கள். அடுத்த ராலிக்கு முன் காரை லிஃப்டில் ஏற்றி, கொக்கி இருக்கும் இடத்தில் துருவை வெட்டி எடுத்து, உள்ளே தடித்த பிளேட் வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பெயிண்ட் அடிக்கும் முன் அதை ஒரு படம் எடுத்து வண்டியிலேயே வையுங்கள். மீட்க வரும் என்னைப் போன்ற ஆள் முதலில் கேட்பது அதைத்தான்.