சுருண்ட இலைக்கு மருந்து வாங்கும் முன்

ஐப்பசி பிறந்தால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து சுருண்ட இலைகள் பையில் வரத் தொடங்கிவிடும். "வைரஸ்னு கடையில சொல்றாக, மருந்தும் வாங்கிட்டேன்" என்ற பேச்சும் கூடவே வரும். நான் சொல்வது ஒன்றுதான்: "ஆச்சி, முத்துன இலை வேண்டாம். குருத்தோட கிள்ளிட்டு வாங்க."

செல்கள் கூடி இலைக்கு எப்படி உருவம் தருகின்றன என்று ஆராய்வதே என் தொழில். குருத்தின் பொடி இலைகளை ஊசியால் ஒவ்வொன்றாக விலக்கி நுண்ணோக்கியில் வைத்தால், நடுவில் பளபளவென்று ஒரு மேடு தெரியும். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் ஓரத்தில் ஆக்சின் என்ற ஹார்மோன் எங்கே சேர்கிறதோ, அங்கே ஒரு புடைப்பு கிளம்பும். அடுத்த இலை அதுதான். 1950களில் இயன் சசெக்ஸ் என்ற ஆய்வாளர் உருளைக்கிழங்குச் செடியில் அந்த மேட்டுக்கும் புடைப்புக்கும் நடுவே கீறிப் பார்த்தார். தட்டையாக விரிய வேண்டிய இலை உருண்டையான குச்சியாக வளர்ந்தது. அவ்வளவு சீக்கிரம் முடிவாகிற விஷயம் இது. கோணிய இலையை எந்த மருந்தும் நிமிர்த்தாது.

மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் சிலந்திப்பேன். இது பலருக்கும் தெரியும். ஏமாறுவது வேறோர் இடத்தில்.

நம் பக்கத்துப் புழுதி விதைப்பு நெல்லில் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி அடிக்கிறோம். அது செயற்கை ஆக்சின். நெல் புல்லினம், தாங்கிக்கொள்ளும். பக்கத்துக் கொல்லையில் நிற்கும் தக்காளியும் பருத்தியும் தாங்காது, காற்றில் வந்த சாரலே போதும். புது இலைகள் ஒடுங்கி, நரம்பு தடித்து, விரல் விரலாக வரும். வைரஸ் என்று நினைத்து, அதைப் பரப்பும் வெள்ளை ஈக்கு மருந்தடித்துக் காசை விடுவார்கள்.

வைரஸ் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பரவும். களைக்கொல்லி பட்டால், காற்று வந்த பக்கத்துத் தக்காளி, கத்தரி, வேலியோரச் செடி எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முறுக்கிக்கொள்ளும். முன்பே விரிந்த இலைகள் உருவம் மாறாமல் இருக்கும். லேசாகப் பட்டிருந்தால் சில வாரங்களில் நல்ல குருத்து வரும், பொறுங்கள். வைரஸ் செடி தேறாது, பிடுங்கிவிடுங்கள். சந்தேகமிருந்தால் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டலாம்.

2,4-டியின் எஸ்டர் வகை வெயிலில் ஆவியாகி நகரும். உச்சிவெயிலிலும் காற்று வீசும்போதும் தெளிக்காதீர்கள். களைக்கொல்லிக்கென்று தனி ஸ்பிரேயர் வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய பிறகும் குழாயில் ஒட்டியிருக்கும் மிச்சமே தக்காளிக்குப் போதும். வாடகைக்கு எடுப்பவர்கள், கடைசியாக அதில் என்ன அடித்தார்கள் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.