வேளாண் ஆராய்ச்சிக்கு அரசு தரும் பணம்: யாருக்கு, எதற்கு, எந்தக் கணக்கில்?

மானியம் என்றாலே நமக்கு உர மானியமும் கருவி மானியமும்தான் நினைவுக்கு வரும். பொருளை வாங்கினோம், பில்லைக் கொடுத்தோம், தொகை கணக்கில் ஏறியது, கதை முடிந்தது. ஆராய்ச்சி மானியம் அப்படி இல்லை. சிலர் இதைப் பிரித்துக் காட்டுவதற்காகவே ‘நல்கை’ என்று எழுதுகிறார்கள். ஒரு கேள்வியை முன்வைத்து, இத்தனை மாதத்தில், இந்த முறையில், இவ்வளவு செலவில் விடை தேடித் தருகிறேன் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு வாங்கும் பணம் இது. கடன் இல்லை, வட்டி இல்லை. ஆனால் செலவாகாமல் மிஞ்சியதைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். ‘இந்த மருந்து இந்தப் பூச்சிக்கு வேலை செய்யவில்லை’ என்று அறிக்கை முடிந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ரசீது இல்லாவிட்டால் கேட்பார்கள்.

அரசு ஏன் இதற்குப் பணம் தர வேண்டும்? வீரிய ஒட்டு விதையைப் பருவத்துக்குப் பருவம் விற்கலாம் என்பதால் கம்பெனிகள் அதில் முதலீடு செய்கின்றன. தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பயறு வகையில் விவசாயி விதையை எடுத்து வைத்துக்கொள்வார். நடவு இடைவெளியை மாற்றினால் மகசூல் கூடும் என்று ஒருவர் கண்டுபிடித்தால், பக்கத்து வயல்காரர் வேலியோரம் நின்று பார்த்தே கற்றுக்கொள்வார். காசாக்க முடியாத இந்த அறிவுக்கு வேறு யாரும் செலவு செய்யமாட்டார்கள். உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தமும் ஆராய்ச்சிச் செலவைப் ‘பச்சைப் பெட்டி’யில்தான் வைத்திருக்கிறது. வர்த்தகத்தைப் பெரிதாகத் திரிக்காத செலவு என்பதால், குறைத்துக்கொள்ளும் கட்டாயம் இல்லாமல் நாடுகள் இதற்குச் செலவிடலாம்.

பணம் வரும் வழிகள்

முதல் வழி சூத்திர நிதி. யாரும் போட்டி போட வேண்டாம், கணக்குப்படி பங்கு வந்து சேரும். இதற்குப் பழைய உதாரணம் அமெரிக்காவின் 1887-ஆம் ஆண்டு ஹேட்ச் சட்டம். மாநிலந்தோறும் ஒரு வேளாண் ஆய்வு நிலையம், அதற்கு ஆண்டுக்கு 15,000 டாலர் என்று தொடங்கியது. இப்போதைய பங்கீட்டில் ஒரு பகுதி எல்லா மாநிலங்களுக்கும் சமமாகப் போகிறது. இன்னொரு பகுதி கிராமப்புற மக்கள்தொகையையும் பண்ணை மக்கள்தொகையையும் பார்த்துப் பிரிக்கப்படுகிறது. குறைந்தது கால் பங்கு, பல மாநிலங்கள் சேர்ந்து செய்யும் ஆய்வுக்கு. மத்திய அரசு தரும் ஒவ்வொரு டாலருக்கும் மாநிலம் ஒரு டாலர் போட வேண்டும். இந்தியாவின் அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டங்களிலும் இந்தப் பங்கு போடும் வழக்கம் உண்டு. 1957-இல் மக்காச்சோளத்தில் தொடங்கிய முறை அது. மாநில வேளாண் பல்கலைக்கழக மையங்களின் செலவில் 75 சதவீதம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துடையது, 25 சதவீதம் மாநிலத்துடையது.

சூத்திர நிதியை ‘சோம்பேறிப் பணம்’ என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்பதைப் ‘பயிரின் காலமும் பணத்தின் காலமும்’ பகுதியில் சொல்கிறேன்.

இரண்டாவது வழி போட்டி நிதி. அரசு ஒரு தலைப்பை அறிவிக்கும், விண்ணப்பங்கள் வரும், துறை வல்லுநர்கள் படித்து மதிப்பெண் போடுவார்கள், மேலே இருப்பவை தேறும். அமெரிக்காவில் 2008 பண்ணைச் சட்டம் உருவாக்கிய ‘வேளாண் மற்றும் உணவு ஆராய்ச்சி முன்னெடுப்பு’ இந்த வகை. அதன் பணத்தில் 60 சதவீதம் அடிப்படை ஆராய்ச்சிக்கு, 40 சதவீதம் பயன்முறை ஆராய்ச்சிக்கு என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் ஆண்டுக்கு 70 கோடி டாலர் என்று ஓர் எண் இருக்கிறது. அது உச்சவரம்பு மட்டுமே, அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கிவந்த தொகை அதற்குக் கீழேதான். எந்த நாட்டுத் திட்டமானாலும் அறிவிப்பில் வரும் எண் வேறு, பட்ஜெட்டில் ஒதுக்கிய எண் வேறு, கைக்கு வரும் எண் வேறு. மூன்றாவதை வைத்துத் திட்டம் போடுங்கள்.

மூன்றாவது வழி விவசாயிகளின் பணத்தோடு அரசுப் பணம் சேர்வது. ஆஸ்திரேலியாவில் 1989 சட்டத்தின் கீழ், விளைபொருளை விற்கும்போதே ஒரு சிறு வரி பிடிக்கப்பட்டு அந்தந்தத் துறையின் ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போகிறது. ஆராய்ச்சிக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் அரசு இன்னொரு டாலர் தருகிறது. இதற்கு வரம்பு, அந்தத் துறையின் மொத்த உற்பத்தி மதிப்பில் 0.5 சதவீதம். பணம் போட்டவருக்கு ‘எதை ஆராய வேண்டும்’ என்று கேட்கும் உரிமை வருவதுதான் இதில் எனக்குப் பிடித்தது. குறை, சிறு பயிர்களுக்கு வரியே கொஞ்சமாகத்தான் சேரும் என்பது.

யார் கேட்கலாம்

பெரும்பாலும் பல்கலைக்கழகம், அரசு ஆய்வு நிலையம், பதிவு பெற்ற லாபநோக்கற்ற அமைப்பு. மானியம் நிறுவனத்தின் பெயரில்தான் வரும். முதன்மை ஆய்வாளர் அதை நடத்துபவர், உரிமையாளர் அல்ல. அவர் வேலை மாறினால் பணம் தானாக அவர் பின்னால் போகாது. விவசாயி நேரடியாகக் கேட்கக்கூடிய இடங்களும் உண்டு. 1988 முதல் நடக்கும் அமெரிக்காவின் நிலைத்த வேளாண்மைத் திட்டத்தில், தன் நிலத்தில் தானே சோதனை செய்ய விரும்பும் விவசாயிக்குத் தனிச் சிறு மானியம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விவசாயி, ஆய்வாளர், ஆலோசகர் என்று சேர்ந்து ‘செயற்குழு’ அமைத்துக் கேட்கலாம்.

செலவுப் பட்டியல்

விண்ணப்பங்கள் தோற்கும் இடம் அறிவியல் பகுதி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பரிசீலனைக் குழுக்களில் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன், தேறிய திட்டங்கள் பிறகு தடுமாறுவது செலவுப் பட்டியலில்தான்.

ஒரு சின்னக் களச் சோதனையை எடுத்துக்கொள்வோம். நான்கு ரகம், இரண்டு உர அளவு, மூன்று மறுசெய்கை (ஒவ்வொன்றையும் மூன்று பாத்திகளில் திரும்பச் செய்வது). 24 பாத்திகள். மூன்று இடங்களில் செய்தால் 72. விதைப்புக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும், இரண்டு ஆழங்களில் மண் எடுத்தால் ஒரே பருவத்தில் 288 மாதிரிகள். உழவுக் கூலி, விதை, உரம், களையெடுப்பு எல்லாம் பட்டியலில் அழகாக இருக்கும். 288 பைகள், அழியாத மையில் 288 சீட்டுகள், காயவைக்க இடம், சலிக்க ஆள், ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் வண்டி, மாதிரி ஒன்றுக்கான பரிசோதனைக் கட்டணம் இவை இருக்காது. கதிர் முற்றும் மூன்று வாரம் பறவை விரட்ட ஆள் வேண்டும் என்பதும் இருக்காது. குருவிகள் தின்ற பாத்தியின் மகசூலை எந்தப் புள்ளியியலும் மீட்டுத் தராது.

அடுத்தது மேல்செலவு. கட்டடம், மின்சாரம், கணக்குப் பிரிவு போன்றவற்றுக்காக நிறுவனம் எடுத்துக்கொள்ளும் பங்கு. இதில் சதவீதம் எதன் மேல் என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஐரோப்பாவின் 2021–2027 ஆராய்ச்சித் திட்டத்தில் நேரடிச் செலவின் மேல் 25 சதவீதம். நேரடிச் செலவு 100 என்றால் மேல்செலவு 25. மேலே சொன்ன அமெரிக்கப் போட்டி நிதியில் உச்சவரம்பு 30 சதவீதம், ஆனால் அது மொத்த மானியத்தில் 30. அதாவது 70 நேரடிச் செலவுக்கு 30. நேரடிச் செலவை 100 ஆக்கினால் கிட்டத்தட்ட 43. எண்ணைப் பார்த்தால் ஐந்துதான் வித்தியாசம், கணக்குப் போட்டால் பதினெட்டு. பிரிட்டன் ஆராய்ச்சி மன்றங்களின் வழக்கம் வேறு: முழுச் செலவையும் கணக்கிட்டு, அதில் 80 சதவீதம் மட்டும் தருவார்கள். மீதியை நிறுவனம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இணைநிதி, அதாவது உங்கள் தரப்பிலிருந்தும் ஒரு பங்கு, கேட்டிருந்தால் அது ரொக்கமா, ஆள் நேரமும் நிலமும் கணக்கில் சேருமா என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ‘தருகிறோம்’ என்று வாய்வழி சொன்னவர், ஒப்பந்தம் வரும் நாளில் ஊரில் இருக்கமாட்டார்.

பயிரின் காலமும் பணத்தின் காலமும்

போட்டி மானியத்துக்கு வழக்கமான ஆயுள் மூன்று ஆண்டு. கேட்க நீளமாகத்தான் இருக்கிறது. மழையை நம்பிய பயிரில் மூன்று ஆண்டு என்றால் மூன்று பருவம், அவ்வளவுதான். முதல் தவணை விதைப்பு முடிந்த பிறகு வந்தால் இரண்டு. அதில் ஒன்று வறட்சி என்றால் ஒன்று. ஒரே பருவத்துத் தரவை வைத்து ரகத்தைப் பரிந்துரைக்க எந்த நேர்மையான ஆய்வாளரும் துணியமாட்டார். இரண்டு ரகங்களை இனக்கலப்பு செய்வதில் தொடங்கி விவசாயி கைக்கு விதை போகும்வரை பத்து ஆண்டு ஆவது சாதாரணம்.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் பிராட்பாக் வயலில் 1843 முதல் கோதுமைச் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. மண்ணில் கரிமச்சத்து எப்படி ஏறி இறங்குகிறது என்பதைப் பத்தாண்டுக் கணக்கில்தான் பார்க்க முடியும். மூன்று ஆண்டு மானியங்களை ஒட்டுப்போட்டு அப்படி ஒரு வயலைக் காப்பாற்றுவது நடக்காத காரியம். சூத்திர நிதியைச் சோம்பேறிப் பணம் என்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

கோதுமைத் துருநோயும் அப்படியே. 1998-இல் உகாண்டாவில் ஒரு புதுத் துருப்பூஞ்சை இனம் தென்பட்டது. மறு ஆண்டு அதற்கு யுஜி99 என்று பெயர் வந்தது. உலகின் ஏராளமான ரகங்களைக் காத்துவந்த எஸ்ஆர்31 மரபணுவை அது தோற்கடித்துவிட்டது. எதிர்ப்புத்திறனை ஒரு முறை சேர்த்துவிட்டால் போதாது, நோய் மாற மாற ரகத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இருக்கும் மகசூல் சரியாமல் தாங்கிப் பிடிக்கும் இந்தப் பராமரிப்பு ஆராய்ச்சிக்கு, ‘உங்கள் திட்டத்தில் புதுமை என்ன?’ என்று கேட்கும் விண்ணப்பப் படிவத்தில் மதிப்பெண் வாங்குவது கடினம்.

பணம் வந்த பிறகு

இந்தியாவில் பொது நிதி விதிகள் 2017 இதைத் தெளிவாகச் சொல்கின்றன. நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள், பணத்தைச் சொன்ன வேலைக்கே செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும். மானியப் பணம் வங்கியில் கிடந்து ஈட்டிய வட்டியும் அரசுக்கே. மானியத்தில் வாங்கிய கருவியை அனுமதி இல்லாமல் விற்கவோ வேறு வேலைக்குத் திருப்பவோ முடியாது. மற்ற நாடுகளின் விதிகளும் வேறு சொற்களில் இதே கவலைகளைப் பேசுகின்றன.

ஆண்டுக் கடைசியில் மிஞ்சிய பணத்தைத் திருப்பக் கூடாது என்று அவசரமாகக் கருவி வாங்குவது எங்கும் நடக்கும் கூத்து. நான் போய்ப் பார்த்த ஓர் ஆய்வு நிலையத்தில், மாதிரிகளை உறையவைக்கும் ஆழ்உறை பெட்டி ஒன்று தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. அதைத் தாங்கும் மின்இணைப்புக்கு யாரும் செலவு எழுதவில்லை.

கண்டுபிடிப்பு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டு பே-டோல் சட்டத்துக்குப் பிறகு, அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பின் காப்புரிமையைப் பல்கலைக்கழகம் வைத்துக்கொள்ளலாம். அரசு தன் பயன்பாட்டுக்கான உரிமத்தைக் கையில் வைத்திருக்கும். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை.

பருவம் தவறிப் போனால் கூடுதல் பணம் கேட்காமல் காலத்தை மட்டும் நீட்டிக் கேட்கலாம், பெரும்பாலான திட்டங்களில் இடமுண்டு. மழை பொய்த்ததற்கான பதிவு, மிச்சமிருக்கும் தொகை, மாற்றிய விதைப்பு நாள் மூன்றையும் இணைத்து, திட்டக்காலம் முடிவதற்கு முன்பே கடிதம் போய்ச் சேர வேண்டும். முடிந்த மறுநாள் போனால், வயலில் பயிர் நின்றாலும் கோப்பு மூடியிருக்கும்.