பி சைடு என்றால் 'பின்பக்கமா'?

போன வாரம் வியாசர்பாடியில் தம்பி வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஒரு ராக் இசைக்குழு பற்றிய ஆவணப்படம் பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கள் பி சைடுகளையும் அவுட்டேக்குகளையும் ரசிகர்கள் தேடித்தேடிக் கேட்பதாக கிடாரிஸ்ட் சொன்னார். கீழே ஓடிய தமிழ் வரி: "எங்கள் பின்பக்கப் பாடல்களையும் கழிவுகளையும் ரசிகர்கள் விரும்புகிறார்கள்." தம்பி மகனுக்கு டீ புரையேறிவிட்டது. இந்தப் 'பின்பக்க'த்தை நான் பார்ப்பது இது மூன்றாவது தடவை. அதனால்தான் எழுதுகிறேன்.

சொல்லின் கதை சின்னது. 1949இல் ஆர்சிஏ விக்டர் என்ற அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனி 45 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் இசைத்தட்டைக் கொண்டுவந்தது. 7 அங்குலம், பக்கத்துக்கு ஒரு பாட்டு. ரேடியோவில் ஓடவேண்டியது ஏ சைடு, அதற்குத் துணைக்குப் போவது பி சைடு. பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் ஒரு ஆங்கிலோ இந்தியர் வீட்டில்தான் அதை முதலில் கையில் பிடித்தேன். ஓரத்தை மட்டும் தொட வேண்டும் என்று அந்த வீட்டு ஆன்ட்டி மிரட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

'பின்பக்கம்' ஏன் ஆகாது? சிரிப்பு வருகிறது என்பது மட்டுமில்லை. தட்டுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. திருப்பிப் போட்டால் அடுத்த பக்கம், அவ்வளவுதான். கேசட் காலத்தில் வண்ணாரப்பேட்டை டீக்கடைக்காரர்கூட "அந்தப் பக்கம் போடு" என்பார், பின்பக்கம் போடு என்று யாரும் சொன்னதில்லை. 'பின்' என்றதும் மட்டம் என்ற வாடையும் வந்து ஒட்டிக்கொள்கிறது. 1977இல் குயீன் என்ற ராக் குழு வெளியிட்ட 'வி ஆர் தி சாம்பியன்ஸ்' தட்டின் பி சைடு 'வி வில் ராக் யூ'. காலால் இரண்டு மிதி, கையால் ஒரு தட்டு என்று ஸ்டேடியமே அதிரும் பாட்டு. அதுவா பின்பக்கம்?

என் ஓட்டு 'மறுபக்கப் பாட்டு'க்கு. "அவனோட மறுபக்கம் உனக்குத் தெரியாது" என்று நாம் சொல்வதில் ஒரு மர்மம் இருக்கிறதே, பி சைடு கேட்பவனுக்குப் பிடித்ததும் அதுதான். விற்றாக வேண்டும் என்ற பயம் ஏ சைடோடு போய்விடும். மறுபக்கத்தில் குழு இஷ்டத்துக்கு ஆடிப்பார்க்கும்.

'கழிவு' இன்னும் மோசம். ஒரு பாட்டைப் பல தடவை பாடிப் பதிவுசெய்வார்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு டேக். வெளியாகாமல் நின்றுபோனது அவுட்டேக். கழிவு என்றால் குப்பைக்குப் போவது. பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' 1966இல் பதிவானது. நாம் கேட்பதில் முதல் ஒரு நிமிடம் 7ஆம் டேக், பிறகு 26ஆம் டேக். இரண்டுக்கும் வேகமும் வேறு, சுருதியும் வேறு. டேப்பின் வேகத்தை மாற்றி ஒட்டினார்கள். இப்படி ஒரு பழைய டேக் எப்போது கைகொடுக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதைக் கழிவு என்பவர் ஸ்டூடியோ வாசலையாவது மிதித்திருப்பாரா?

தமிழாசிரியர் நண்பர் ஒருவர் 'மிகைப்பாடல்' என்றார். கம்பராமாயணப் பதிப்புகளில் உள்ள சொல், காதுக்கும் அழகு. ஆனால் அங்கே அது கம்பன் கைதானா என்று சந்தேகப்படும் பாட்டு. அவுட்டேக்கில் அந்தச் சந்தேகமே இல்லை.

காசிமேட்டில் படகு வந்ததும் பாருங்கள். கூடைகள் ஏலத்துக்குப் போகும். வீட்டுக் குழம்புக்கு என்று கொஞ்சம் தனியாக ஒதுக்கிவைப்பார்கள். அதில் ருசிக்குக் குறையிருக்காது. 'ஒதுக்கு' என்ற சொல்லில் தள்ளிவைப்பதும் உண்டு, பங்கு எடுத்துவைப்பதும் உண்டு. ஆகவே அவுட்டேக்குக்கு என் சொல் 'ஒதுக்குப் பாட்டு'. தனித்தமிழ் வெறி எனக்கு இல்லை. பி சைடு, அவுட்டேக் என்றே எழுதினாலும் சண்டைக்கு வரமாட்டேன். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்கு ஓடும் மொழிபெயர்ப்பாளரிடம்தான் சண்டை.

இவற்றைத் தொகுத்து வரும் ஆல்பத்துக்கு நம்மிடம் சொல் தயாராகவே இருக்கிறது: திரட்டு. முத்தொள்ளாயிரத்தில் இன்று கிடைக்கும் நூற்றுச் சொச்சம் பாடல்கள் புறத்திரட்டு என்ற பழைய தொகைநூல் வழியாக வந்தவைதானே. ஓயாசிஸ் குழு 1998இல் வெளியிட்ட 'தி மாஸ்டர்பிளான்' முழுக்க பி சைடுகள்; 'மறுபக்கத் திரட்டு' என்றால் யாருக்குப் புரியாது?

இதையெல்லாம் கேட்டுவிட்டு தம்பி மகன், "டபுள் ஏ சைடுன்னு ஒண்ணு இருக்கே பெரியப்பா, ரெண்டும் முன்பக்கமா?" என்றான். அதற்குள் டீ ஆறிப்போயிருந்தது.